பழைய காரை மெதுவாக ஓட்டினால் எஞ்சின் பழுதாகுமா?

கிளிநொச்சியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவிடம் 1990களில் வந்த பெற்றோல் கொரொல்லா ஒன்று இருக்கிறது, ஐந்து கியர். ஓய்வுபெற்ற ஆசிரியரான அப்பா அதைக் காலையில் சந்தைக்கும் மாலையில் கோயிலுக்குமாக இரண்டு கிலோமீற்றருக்குள்தான் ஓட்டுகிறார். வேகமுள் 35ஐத் தாண்டுவதில்லை. 30ஐத் தொட்டதும் நான்காவது கியர். இப்போது காலையில் கறுப்புப் புகை வருகிறது, சைலன்சர் வாயில் தண்ணீர் சொட்டுகிறது, இழுவையும் குறைந்துவிட்டது. கராஜில் காட்டியபோது, "ஐயா பொத்திப் பொத்தி ஓட்டியே எஞ்சினை அடைக்க விட்டுவிட்டார். ஏ9 வீதியில் ஏற்றி நன்றாக மிதித்து ஓட்டுங்கள், சரியாகிவிடும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பாவுக்கு அது மனவருத்தம். யார் சொல்வது சரி என்பது தம்பியின் கேள்வி.

தம்பி, முப்பது வருடத்துக்கு மேலாக வன்னியில் எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டி வருகிறேன். மெதுவாக ஓடிய ஒரே குற்றத்துக்காகக் கெட்ட எஞ்சின் ஒன்றையும் நான் கண்டதில்லை. சூடேறும் முன்னரே அணைக்கப்பட்டுக் கெட்டவற்றைக் கண்டிருக்கிறேன். பொருந்தாத கியரில் திணறித் திணறித் தேய்ந்தவற்றையும் கண்டிருக்கிறேன். உங்கள் ஐயாவின் ஓட்டத்தில் இந்த இரண்டும் மெதுவோடு கலந்து கிடக்கின்றன. அதனால் கராஜில் சொன்னது பாதி சரி. ஆனால் அவர்கள் சொன்ன மருந்தை அப்படியே கொடுத்தால் நோயாளி வழியிலேயே படுத்துவிடக்கூடும்.

முதலில் அந்தத் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகிறது. பெற்றோலில் உள்ள ஐதரசன் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்தால் தண்ணீர்தானே. எஞ்சின் நன்றாகச் சூடாக இருந்தால் அது ஆவியாகவே வெளியேறிவிடும், நாம் காண்பதில்லை. எஞ்சினும் குழாயும் குளிர்ந்திருக்கும்போது அந்த ஆவி உள்ளேயே வியர்த்து நிற்கும். சைலன்சரில் சொட்டுவது அதுதான். காலையில் கொஞ்சம் சொட்டினால் பயப்பட எதுவும் இல்லை. ஆனால் இரண்டு கிலோமீற்றரில் ஓட்டம் முடிந்தால் மீதித் தண்ணீர் சைலன்சருக்குள்ளேயே தங்கி, தகட்டை உள்ளிருந்து தின்றுகொண்டே இருக்கும். வெளியே பளபளப்பாக இருந்த சைலன்சர் ஒருநாள் கையோடு கழன்று வந்ததைப் பலர் என்னிடம் அதிசயமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

தண்ணீரில் ஒரு பங்கு இன்னும் மோசமான இடத்துக்குப் போகிறது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகளைத் தாண்டிக் கீழே கசியும் புகையோடு சேர்ந்து ஒயில் தொட்டிக்குள் இறங்குகிறது. கூடவே பெற்றோலும் இறங்குகிறது. குளிர்ந்த எஞ்சினுக்குப் பெற்றோல் கூடுதலாகத் தேவை. காபரேற்றர் வண்டியில் சோக் அதைக் கொடுக்கும், உங்கள் காரில் கணினி கொடுக்கும். அவ்வளவும் எரிவதில்லை. எரியாதது சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே வழிகிறது. இந்தத் தண்ணீரும் பெற்றோலும் மறுபடி ஆவியாகிப் போக வேண்டுமானால் ஒயில் 90, 100 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேற வேண்டும். சூட்டு முள் காட்டுவது ரேடியேற்றர் தண்ணீரின் சூட்டை மட்டுமே. அது நடுவுக்கு வந்த பிறகும் ஒயில் பின்தங்கியே நிற்கும். இன்னும் பத்துப் பதினைந்து நிமிட ஓட்டம் வேண்டும். சந்தைக்குப் போகும் ஐந்து நிமிடத்தில் அது நடக்காது. நாளுக்கு நாள் இது சேர்ந்தால் ஒயில் முதலில் நீர்த்துப் போகும், பிறகு களியாகத் திரளும். அந்தக் களி ஒயில் பம்பின் வடியை, அதாவது வடிகட்டியை, அடைத்த நாளில்தான் உண்மையான கேடு தொடங்குகிறது.

ஸ்பார்க் பிளக்கிலும் இதே கதைதான். பிளக்கின் மூக்கு ஏறக்குறைய 450 முதல் 500 பாகை வரை சூடேறினால் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். அதற்குக் குறைந்த சூட்டில் கரி அப்படியே ஒட்டி நிற்கும். பொறி மின்முனைகளுக்கிடையே பாயாமல் கரி வழியாகக் கசியும். இழுவை குறையும். உங்கள் கறுப்புப் புகைக்கும் இழுவைக் குறைவுக்கும் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். விளக்குப் புகைபோல உலர்ந்த கறுப்பு இருந்தால் சந்தேகம் சரி.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய ஒன்று. வன்னி வெயிலில், முப்பது பாகைக்கு மேல் காயும் ஊரில், எஞ்சின் ஏன் சூடேறாமல் போக வேண்டும்? பனி பெய்யும் நாடுகளில்தான் இது பெரிய சிக்கல். இங்கே எஞ்சின் விரைவாகவே சூடேறிவிட வேண்டும். நம் பகுதியில் நான் கண்ட குளிர்ந்த எஞ்சின்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் தேர்மோஸ்டாட் இல்லை. யாரோ, எப்போதோ, கார் கொதித்தது என்று அதைக் கழற்றி எறிந்திருப்பார்கள். "நமது சூட்டுக்கு இது தேவையில்லை" என்று சொல்லியும் இருப்பார்கள். தேர்மோஸ்டாட் தண்ணீர் 80 பாகைக்குச் சற்று மேலே போகும்வரை ரேடியேற்றருக்குப் போகும் வழியை மூடி வைத்திருக்கும் சிறிய கதவு. அது இல்லாவிட்டால் முதல் நிமிடத்திலிருந்தே தண்ணீர் ரேடியேற்றரில் குளிர்ந்துகொண்டே இருக்கும். கணினியும் எஞ்சின் இன்னும் குளிரில் இருக்கிறது என்று நம்பிக் கூடுதல் பெற்றோலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஐயா இரண்டு கிலோமீற்றர் இல்லை, பத்துக் கிலோமீற்றர் மெதுவாகப் போனாலும் அந்த எஞ்சின் ஒழுங்காகச் சூடேறாது. பழி மட்டும் ஐயாவின் காலுக்கு வந்து சேரும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். காலையில் குளிர்ந்த எஞ்சினை இயக்கிவிட்டு, ரேடியேற்றரின் மேல் குழாயை விசிறிக்கும் பட்டிக்கும் கை படாமல் தொட்டுப் பாருங்கள். தேர்மோஸ்டாட் நலமாக இருந்தால் குழாய் பல நிமிடம் குளிர்ந்தே இருந்து, பிறகு திடீரென்று சுடும். இயக்கியதிலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பாகிக்கொண்டு வந்தால் அது இல்லை, அல்லது திறந்தபடியே இறுகிவிட்டது. புதியதைப் போட ஆகும் செலவு, ஒரு தடவை ஒயில் மாற்றும் செலவுக்குக்கூட வராது.

சூட்டின் அருமையை எங்களுக்குக் கற்றுத் தந்தது மண்ணெண்ணெய். 1990களில் வன்னிக்குப் பெற்றோல் வரத் தடை இருந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கிடைத்த கொஞ்சப் பெற்றோலைச் சிறு போத்தலில் கட்டித் தொங்கவிட்டு, அதில் எஞ்சினை இயக்கி, நன்றாகச் சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அவசரப்பட்டு முன்னரே மாற்றினால் மண்ணெண்ணெய் ஆவியாகாது. வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு நின்றுவிடும். நிற்காமல் ஓடிவிட்டால் அது இன்னும் கேடு. எரியாத மண்ணெண்ணெய் ஒயிலில் இறங்கிவிடும். ஒயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஒயில் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும். முகர்ந்தால் குப்பி விளக்கு மணக்கும். பெற்றோல் சூட்டில் ஓரளவு ஆவியாகிப் போகும், மண்ணெண்ணெய் போகாது. ஒயிலும் கிடைக்காத காலம் அது. அந்த நாட்களில் எஞ்சினைக் காப்பாற்றியவர்கள் வேகமாக ஓட்டியவர்கள் அல்லர். நன்றாகச் சூடேற்றி, நீண்ட ஓட்டத்துக்கு மட்டும் வண்டியை எடுத்து, பக்கத்துத் தெருவுக்குச் சைக்கிளில் போனவர்கள். நான் தொழில் பழகிய இடத்தில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஒன்று அப்படித்தான் ஆண்டுக்கணக்கில் ஓடியது.

டிப்ஸ்டிக்கில் ஒயில் கூடுவது இன்றைக்கும் நோயைக் காட்டும் நம்பகமான அடையாளம். ஐயாவின் காரில் பாருங்கள். கூடியிருந்து, பெற்றோல் மணமும் வந்தால் எல்லாம் விளங்கிவிடும். ஒயில் ஊற்றும் மூடியின் அடியில் மோர் நிறத்தில் நுரைபோல ஒட்டியிருந்தால் அது தண்ணீரும் ஒயிலும் கலந்தது. மூடியில் மட்டும் இருந்தால் குறுகிய ஓட்டத்தின் விளைவு. டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் தெரிந்து, ரேடியேற்றர் தண்ணீரும் குறைந்துகொண்டு வந்தால் ஹெட் காஸ்கெட், அதாவது எஞ்சினின் மேற்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு, போயிருக்கிறது. அப்போது ஓட்டவே கூடாது.

அடுத்தது கியர். 30இல் நான்காவது கியர் என்றால் உங்கள் வகைக் காரில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,100 சுற்றுத்தான் சுற்றும். சமவெளித் தார் வீதியில், கால் அக்சிலரேற்றரில் பட்டும் படாமலும் இருக்கும்போது அதனால் கேடில்லை, பெற்றோலும் மிச்சம். ஐயா இதை ஏன் பழகினார் என்பதும் எனக்கு விளங்குகிறது. 2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனதையும், காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்றதையும் கண்ட எவரும் அப்படித்தான் ஓட்டுவார். கேடு எங்கே வருகிறது என்றால், ஒழுங்கை மணலில் ஏறும்போதும், குளக்கட்டில் ஏறும்போதும், பின்னால் நான்கு பேரும் அரிசி மூட்டையும் இருக்கும்போதும் அதே கியரில் காலை அழுத்துவதால். நெல் மூட்டையோடு குளக்கட்டில் சைக்கிளை மிதித்து ஏற்றியவருக்கு இது தெரியும்: வேகம் செத்த பிறகு ஒவ்வொரு மிதியும் முழங்காலைப் பிடுங்கும். எஞ்சினில் அந்த முழங்கால், சுழலும் தண்டைத் தாங்கும் பெயரிங்குகள். ஒயில் பம்பை எஞ்சின்தான் சுற்றுகிறது. சுற்றுக் குறைந்தால் ஒயில் அழுத்தமும் குறையும், தண்டையும் பெயரிங்கையும் பிரித்து வைக்கும் ஒயில் படலமும் மெலியும். அதே நேரம் மேலிருந்து பிஸ்டன் முழுப் பலத்தோடு அழுத்துகிறது. ஏற்கனவே தேய்ந்து இடைவெளி கூடிய பழைய எஞ்சினில், பெற்றோலால் நீர்த்த ஒயிலும் சேர்ந்தால், அந்த அழுத்தத்தைத் தாங்க அங்கே எதுவும் இல்லை.

ஆகவே ஐயாவிடம் எண் எதுவும் சொல்ல வேண்டாம். காலை அழுத்தும்போது கார் உதறினாலோ, "கடகட" என்று தட்டும் சத்தம் வந்தாலோ, அழுத்தியும் வேகம் ஏறாவிட்டாலோ ஒரு கியரைக் குறைக்கச் சொல்லுங்கள். ஊருக்குள் 30இல் மூன்றாவது கியர் போதும். பெற்றோல் சற்றே கூடும், எஞ்சின் பிழைக்கும்.

இப்போது "மிதித்து ஓட்டுங்கள்" என்ற அறிவுரைக்கு வருகிறேன். அதில் உண்மை இருக்கிறது. சுமையோடும் சூட்டோடும் அரை மணி நேரம் ஓடினால் பிளக் தன்னைச் சுத்தப்படுத்திக்கொள்ளும், ஒயிலில் இருக்கும் தண்ணீர் வெளியேறும், சைலன்சர் காயும், தளர்ந்த கரி கொஞ்சம் உதிரும், பற்றரியும் நிறையும். தேய்ந்த ரிங்கும் எரிந்த வால்வும் ஓட்டத்தால் திரும்பி வராது. முன்னே சொன்ன நன்மைகள் கிடைக்க 120இல் பறக்க வேண்டியதும் இல்லை. ஏ9இல் காருக்கு அனுமதித்த வேகமே 70தான். மூன்றாவது கியரில் 60 என்றால் எஞ்சின் ஏறக்குறைய 3,000 சுற்றுச் சுற்றுகிறது. அதற்கு அது போதும். சட்டத்துக்குள் நின்றே, மெதுவாகப் போகும் ஒரு மனிதரே, எஞ்சினுக்கு வேண்டிய வேலையைக் கொடுக்கலாம்.

எனக்குப் பயமெல்லாம், ஆண்டுக்கணக்கில் 35ஐத் தாண்டாத காரை ஒரே நாளில் விரட்டுவதில்தான். நம் கிணற்று நீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம்; கேத்திலின் அடியைப் பார்த்தாலே தெரியும். அந்த நீரை ரேடியேற்றரில் விட்டுவந்தவர்களின் ரேடியேற்றர் பாதி அடைத்திருக்கும். மெதுவாக ஓடியவரை அது தெரியாது. விரட்டிய முதல் இருபது நிமிடத்தில் கொதித்து, ஹெட் வளைந்து, காஸ்கெட் போகும். என்னிடம் கட்டி இழுத்து வந்த கார்களில் சில, "எஞ்சினைத் திறக்க" என்று மாங்குளம் பக்கம் விரட்டப்பட்டவை. றப்பர்க் குழாய்கள், டைமிங் பெல்ட், ரயர் எல்லாம் கிலோமீற்றரால் மட்டும் கிழடாவதில்லை, வருடத்தாலும் கிழடாகின்றன. ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் ஒன்று இருக்கும். முதல் இரண்டும் கிழமை, பின் இரண்டும் ஆண்டு. 1214 என்றால் 2014ஆம் ஆண்டின் பன்னிரண்டாம் கிழமை. பூ நன்றாக இருந்தாலும் அந்த ரயரில் 70இல் போகக் கூடாது.

மொரிஸ் மைனர், ஒஸ்ரின் போன்ற கார்களை இன்னும் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். அந்த எஞ்சின்களில் வால்வுகள் வந்து மூடி உட்காரும் இருக்கைகள் ஹெட்டின் வார்ப்பிரும்பிலேயே வெட்டப்பட்டவை. அக்காலப் பெற்றோலில் இருந்த ஈயம்தான் அவற்றைத் தேயாமல் காத்தது. 2002இல் இலங்கையில் ஈயப் பெற்றோல் நின்றது. ஈயம் இல்லாமல் நீண்ட நேரம் வேகமாக ஓட்டினால்தான் அந்த இருக்கைகள் அரிபடும்; மெதுவாக ஓட்டினால் மிகக் குறைவு. கடினமான இருக்கைகளை அடித்துப் பொருத்தியிராவிட்டால் அந்தக் கார்களுக்கு மென்மையான கால்தான் காவல். உங்கள் கொரொல்லாவின் அலுமினிய ஹெட்டில் கடின இருக்கைகள் முதலிலேயே உண்டு.

டீசல் எஞ்சினுக்குக் குறைந்த சுமை இன்னும் கூடாது. பெரிய ஜெனரேற்றரை இரண்டு மின்குமிழுக்காக இரவு முழுவதும் ஓடவிட்டவர்களின் புகைக்குழாயில் கறுப்பு ஒயில் வடிவதைப் பார்த்திருப்பீர்கள். சுமை இல்லாத டீசல் முழுமையாக எரிவதில்லை. புகை வடிகட்டி பொருத்திய புதிய டீசல் வாகனங்கள் நீண்ட ஓட்டம் கிடைக்காவிட்டால் வடிகட்டி அடைத்துத் தாமே எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிடும். உங்கள் கேள்வி பெற்றோல் காரைப் பற்றியது, ஆகவே இதை இத்துடன் விடுகிறேன்.

ஐயா சரியாகச் செய்யும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். குளிர்ந்த எஞ்சினை மென்மையாக ஓட்டுவது மிகச் சரி. முள் ஏறும்வரை அவருடைய கால்தான் அந்தக் காருக்கு வேண்டும். வீட்டு முற்றத்தில் பத்து நிமிடம் நின்றபடி உறுமவிட்டுச் சூடேற்றுவதைவிட, அரை நிமிடத்தில் மெல்லப் புறப்படுவதே நல்லது. மாற்ற வேண்டியது பயணத்தின் நீளத்தை. சந்தையையும் கோயிலையும் ஒரே சுற்றில் முடித்தால் குளிர்ந்த தொடக்கம் ஒன்று குறையும், பெற்றோலும் அதில்தான் உண்மையாக மிச்சப்படும். கிழமைக்கு ஒருநாள், வெள்ளியோ ஞாயிறோ, முறிகண்டிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, கச்சானும் வாங்கிக்கொண்டு, மாங்குளம் வரை போய்த் திரும்பச் சொல்லுங்கள். அதை மருந்தென்று சொல்லாவிட்டால் மகிழ்ந்து போவார். மாலை மங்குவதற்குள் திரும்பிவிட வேண்டும். கருக்கலில் வீதியில் படுத்திருக்கும் மாடுகள் கண்ணுக்குத் தெரியாது. அறுவடைக் காலத்தில் வீதியோரம் நெல் காயும், அதையும் கவனிக்க வேண்டும்.

ஒயிலுக்குக் கிலோமீற்றர்க் கணக்கை விட்டுவிடுங்கள். ஐயாவின் ஓட்டம் மாதத்துக்கு இருநூறு கிலோமீற்றரைத் தாண்டாது. 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று காத்திருந்தால் இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும்; அதற்குள் அது ஒயிலாகவே இராது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வடியோடு சேர்த்து மாற்றுங்கள்.

முதல் மாங்குளப் பயணத்துக்கு முன்னரே ஒருமுறை மாற்றிவிட வேண்டும். இதைத் தட்டிக்கழிக்காதீர்கள். இப்போது டிப்ஸ்டிக்கில் நிறைவாகத் தெரிவதில் ஒரு பகுதி பெற்றோலாக இருக்கலாம். நீண்ட ஓட்டத்தின் சூட்டில் அது ஆவியாகிப் போனால், புறப்படும்போது நிறைந்திருந்த ஒயில் திரும்பும்போது கீழ்க்கோட்டுக்கும் கீழே நிற்கும். ஒயில் மாற்றும் நாளிலேயே தேர்மோஸ்டாட், நான்கு பிளக், ரேடியேற்றர்க் குழாய்கள், டைமிங் பெல்ட் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். ரேடியேற்றரைக் கழுவிக் கூலன்ட் விடுங்கள். முதல் பயணம் முறிகண்டியோடு போதும். முள் நடுவிலேயே நின்றால் அடுத்த கிழமை மாங்குளம்.

ஒரு மாதம் இப்படி ஓடிய பிறகு கறுப்புப் புகை நின்றிருக்க வேண்டும். நிற்காவிட்டால் சூட்டைக் கணினிக்குச் சொல்லும் சென்சரையும் காற்று வடியையும் பாருங்கள். காலையில் இயக்கும்போது மட்டும் சிறிது நீலப் புகை வந்து மறைந்தால் அது வால்வு சீல். முப்பது வருடத்து றப்பர் இறுகிவிட்டது, ஐயா எப்படி ஓட்டியிருந்தாலும் அது இறுகியே இருக்கும். ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள். சிலிண்டருக்குள் காற்றை அடைத்து வைத்துக்கொண்டு, ஹெட்டைத் தொடாமலே அந்தச் சீல்களை மாற்றலாம்.